இரும்பு மிகுந்த ரத்தம்

இரும்புச் சத்துக் குறைந்தால் தேகம் வெளுத்துப் போகும் என்பதை அறிய நம் வீட்டுப் பாட்டிமார்கள் எந்த வைத்திய நூலையும் புரட்டவில்லை. ஆயினும் முருங்கைக் கீரையையும் சுண்டைக்காயையும் பனை வெல்லத்தையும் இரும்புச் சட்டியையும் அவர்கள் கைவிட்டதில்லை. சோகை என்பது நம் தேசத்தின் நீங்காத கவலைகளுள் ஒன்று. 2019-க்கும் 2021-க்கும் இடையே நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேர் ரத்த சோகை உடையவர்கள். இத்தகைய நாட்டிலே, இரும்பு மிகுந்து போவதால் உண்டாகும் நோய் ஒன்று உண்டு. உடம்பிலிருந்து ரத்தத்தை வெளியே எடுப்பதே அதற்குச் சிகிச்சை. அந்தச் சிகிச்சையைப் பெற்ற நோயாளி மனிதனல்ல, ஓர் ஓங்கில் என்று சொன்னால் நேயர்கள் நகைக்கக்கூடும். ஆனால் இது கட்டுக்கதை அன்று. சிறைப்பட்ட கடல் மிருகங்களைப் பற்றிய வைத்தியத்தில் இது இன்று ஒரு முக்கியமான அத்தியாயம். அதை அறிந்து கொள்வதில் நமக்கும் லாபமுண்டு என்பதை இக்கட்டுரையின் முடிவில் நேயர்களே ஒப்புக் கொள்வார்கள் என்று நம்புகிறேன்.

எங்கள் திருவாலங்காடு கடற்கரை ஊர் அன்று. சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் ரயில் பாதையில், வயல்களுக்கு நடுவே உள்ளது. ஆயினும் ராஜேந்திர சோழனுடைய சேனை கடல் கடந்து கடாரத்தை வென்ற செய்தியைச் சொல்லும் செப்பேடுகள் எங்கள் ஊர்ப் பெயராலேயே வழங்கி வருகின்றன. ஆதலால், கடலைப் பற்றிப் பேச எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய உபாத்தியாயருக்கும் சிறிது பாத்தியதை உண்டென்றே கருதுகிறேன்.

மீனல்லாத நீர்வாசிகள்

ஓங்கில், திமிங்கிலம், கடல்நாய், கடற்சிங்கம், நம் பாக் நீரிணையில் வாழும் கடற்பசுவாகிய ஆவுளியா ஆகிய இவை மீன்கள் அல்ல. நம்மைப் போலவே நுரையீரலால் மூச்சு விடுபவை. உஷ்ண ரத்தம் உடையவை. குட்டி ஈன்று பால் கொடுப்பவை. மீனுக்கு நீரிலுள்ள பிராணவாயு போதும். இவையோ மேலே வந்து மூச்சு வாங்கி, அதைக் கொண்டு ஆழத்திலே காலந் தள்ள வேண்டும். அந்த வாயுவைச் சேமித்து வைக்கும் களஞ்சியங்களாக அவற்றின் ரத்தமும் தசையும் விளங்குகின்றன.

மனிதனுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 70 மில்லிலிட்டர் ரத்தம் உண்டு. மிக ஆழத்தில் மூழ்கும் யானைக் கடல்நாய்க்கோ அது 200 மில்லிலிட்டருக்கும் மேல். நம் ரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயிலிட்டுச் சுழற்றினால், அடியில் தங்கும் சிவப்பு அணுக்கள் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது, நாற்பத்தைந்து பாகம் இருக்கும். சில கடல்நாய்களின் ரத்தத்தில் அது அறுபது பாகம் வரை செல்லும். அன்றியும் அவற்றின் மண்ணீரல் சிவப்பு அணுக்களைச் சேர்த்து வைத்துக் கொண்டு, மூழ்கும் சமயத்தில் ரத்த ஓட்டத்தில் விடுகிறது. எனவே, மனிதனுக்கு ஏற்பட்ட அளவுகோலை அப்படியே எடுத்துக்கொண்டு கடல் மிருகத்தின் ரத்தத்தை அளக்கப் புகும் வைத்தியர் மோசம் போவார். நமக்கு நோய் என்று தோன்றுவது அதற்குச் சுகமாயிருக்கலாம். நமக்குச் சுகமென்று தோன்றுவது அதற்குச் சோகையாயிருக்கலாம்.

இதற்கு ஓர் உதாரணம் சொல்லுகிறேன். அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரிலே ஜான் ஹேகமன் என்ற ரயில்வே தொழிலாளி ஒருவர் இருந்தார். ரண சிகிச்சைக்கு முன்னால் அவருடைய ரத்தத்தைப் பரிசோதித்தபோது, கண்ணாடிக் குழாயில் அது உறைய அளவுக்கு மீறிய நேரம் பிடித்தது. ஆனால் அவருக்கோ எந்நாளும் ரத்தப் பெருக்கு நோய் இருந்ததில்லை. அவருடைய ரத்தத்தில் இல்லாதிருந்த ஒரு பொருளை டாக்டர் ராட்னாஃபும் அவருடைய துணைவரும் 1955-இல் விவரித்தார்கள். அதற்கு ஹேகமன் காரணி என்றே பெயர் வந்தது. உறைதல் காரணிகளின் வரிசையில் அது பன்னிரண்டாவது. 1969-இல் வேறு விஞ்ஞானிகள் கடல் மிருகங்களை ஆராய்ந்தபோது, ஓங்கில் இனத்துக்கு இந்தப் பன்னிரண்டாம் காரணி இயற்கையாகவே இல்லை என்று கண்டார்கள். மனிதரில் அபூர்வமான குறை ஓங்கிலுக்குப் பிறவிக் குணம்! இதை அறியாத ஒருவர் குழாயை மட்டும் பார்த்துக் கொண்டு, "இந்தப் பிராணிக்கு ரத்தம் உறையாத நோய்" என்று தீர்ப்புக் கூறினால், இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்தவராவார்.

வாலை நீட்டும் நோயாளி

நோயாளி வாய் திறந்து பேசாத இடத்தில் வைத்தியருக்குப் பாதி வேலை கூடுகிறது. மிருகங்களிலும் காட்டிலும் கடலிலும் வாழ்பவை தங்கள் நோயை மறைப்பதில் வல்லவை. மெலிந்தது என்று காட்டிக் கொண்டால் பகை வந்து விழுங்கிவிடும் அல்லவா? ஆகையால் அவை உணவை மறுத்துச் சோர்ந்து மிதக்கும் நாளில் நோய் முற்றியே இருக்கும். அதற்கு முன்பே உள்ளே நடப்பதை உரைக்க வல்ல சாட்சி ரத்தம் ஒன்றுதான்.

ஆனால் வழவழப்பான தோலும், அதன் கீழ்த் தடித்த கொழுப்பும் உள்ள உடம்பில் நரம்பைத் தேடுவது எங்கே? ஓங்கிலுக்கு வால் துடுப்பிலே கொழுப்பு மெல்லியது. அங்கே தமனி ஒன்றைச் சுற்றிச் சிரைகள் வளையமாகச் சூழ்ந்திருக்கின்றன. உடலின் சூடு குளிர்ந்த நீரில் வீணாகாமல் காப்பதற்கு இயற்கை செய்த ஏற்பாடு அது. அவ்விடத்தில்தான் ஊசி ஏற்றுகிறார்கள். ஆவுளியாவின் உறவினமான மானட்டிக்கு முன் துடுப்பின் இரண்டு எலும்புகளுக்கு இடையே உள்ள நாளங்களிலிருந்தும், கடற்சிங்கத்துக்குப் பின் இடுப்புப் பக்கத்துச் சிரையிலிருந்தும் ரத்தம் எடுப்பது வழக்கம்.

முற்காலத்தில் குளத்து நீரை வற்றச் செய்து, பலர் சேர்ந்து மிருகத்தை அமுக்கிப் பிடித்து ரத்தம் எடுப்பார்கள். பயத்தினாலும் போராட்டத்தினாலும் ரத்தத்தின் குணங்களே மாறிவிடும்; எடுத்ததன் பயன் பாதி கெட்டுப் போகும். இப்பொழுது நன்கு நடத்தப்படும் இடங்களில் ஓங்கிலுக்கே பழக்கம் பண்ணுவிக்கிறார்கள். அது மல்லாந்து மிதந்து, கரையில் உட்கார்ந்திருக்கும் பரிபாலகரின் மடியில் தன் வாலை வைத்துவிட்டு, ஊசி ஏறும் வரையில் அசையாமல் காத்திருக்கிறது. பிறகு ஒரு மீன் பரிசு. தடுப்பூசி குத்துவோரைக் கண்டால் கூரை மீது ஏறிக்கொள்ளும் சில மனிதர்களுக்கு இது நல்ல பாடம்!

சாட்சி சொல்லும் சங்கதி

எடுத்த ரத்தத்தில் என்ன பார்க்கிறார்கள்? சிவப்பு அணுக்களின் எண்ணிக்கையும் அளவும், வெள்ளை அணுக்களின் தொகை, கண்ணாடித் தகட்டில் பூசி, சாயமிட்டு, பூதக் கண்ணாடியின் கீழ் அணுக்களின் உருவம், பிறகு ஈரலும் சிறுநீரகமும் நன்றாக வேலை செய்கின்றனவா என்று காட்டும் ரசாயனங்கள், கடைசியில் இரும்பு. வெள்ளை அணுக்கள் பெருகினால் எங்கோ கிருமி புகுந்திருக்கிறது என்று அனுமானிக்கலாம். 'ஆல்கலைன் பாஸ்படேஸ்' என்ற பொருள் நமக்கு ஏறினால் கவலை. ஓங்கிலுக்கோ அது வெகுவாக இறங்கினால்தான் ஆபத்துக்கு அறிகுறி.

இரும்பின் சங்கதி இன்னும் நுட்பமானது. கிருமிகளுக்கும் இரும்பு வேண்டும். ஆகவே தொற்று நோய் வந்தவுடன் உடம்பு, பகைவர் படையெடுத்தால் தானியத்தைப் பதுக்கும் ஊர்க்காரர்களைப் போல, ரத்தத்தில் ஓடும் இரும்பை உள்ளே ஒளித்து விடுகிறது. அச்சமயத்தில் பரிசோதித்தால் ரத்தத்தில் இரும்பு குறைந்து காணும். அவசரப்பட்ட வைத்தியர், "ஆ! சோகை!" என்று இரும்பு மருந்தைக் கொடுத்தால், எதிரிக்குத் தானியத்தை அள்ளிக் கொடுத்தது போலாகும். ஓடுகிற இரும்பு எவ்வளவு, 'பெர்ரிட்டின்' என்ற களஞ்சியப் பொருள் காட்டும் சேமிப்பு எவ்வளவு, கிருமியின் அடையாளம் உண்டா இல்லையா என்று மூன்றையும் சேர்த்துப் பார்த்தே முடிவு கூற வேண்டும்.

ஸான் டியாகோ நோயாளிகள்

இனி, தொடக்கத்தில் சொன்ன நோய்க்கு வருவோம்.

இரும்புக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. உடம்புக்குள் வருவதற்கு வாசல் இருக்கிறது. மிகுந்ததை வெளியே தள்ளுவதற்கு வாசல் இல்லை. வயது வந்த மனிதனிடம் மொத்தம் 4 கிராம் அளவே இரும்பு உண்டு. நாள் ஒன்றுக்கு 1 அல்லது 2 மில்லிகிராம் உள்ளே வருகிறது, அவ்வளவே தானாக உதிர்ந்து போகிறது. வரவு சிறிது மிகுந்தாலும் ஆண்டுக் கணக்கில் அது ஈரலிலும் பிற உறுப்புகளிலும் படிந்து, அவற்றை மெல்ல மெல்லக் கெடுக்கும். மனிதருக்கு வரும் இந்நோய்க்கு 1889-இல் ஜெர்மானிய அறிஞர் ரெக்லிங்ஹௌஸன் 'ஹீமோகுரோமடோஸிஸ்' என்று பெயரிட்டார். இரும்பு ரத்தத்திலேயே பெரும்பாலும் தங்குவதால், அரை லிட்டர் ரத்தத்தை எடுத்தால் சுமார் 250 மில்லிகிராம் இரும்பு வெளியேறுகிறது. இழந்த ரத்தத்தை மீண்டும் உண்டாக்கும் பொருட்டு உடம்பு ஈரலில் படிந்திருக்கும் இரும்பைக் கரைத்து எடுத்துக் கொள்ளும். இதுவே சிகிச்சையின் தத்துவம். அட்டை விட்டும் கீறியும் ரத்தம் வாங்கும் முறைகள் நம் பழைய வைத்தியத்திலும் உண்டு. அவற்றில் பலவற்றை இக்காலம் தள்ளிவிட்டது. ஆனால் இந்த ஒரு நோயில் ரத்தம் வாங்குதலே முதல் தரமான மருந்தாக நிலைத்துவிட்டது.

அமெரிக்கக் கடற்படை 1960 முதற்கொண்டு ஓங்கில்களை வளர்த்து வருகிறது. கடலுக்கடியில் உள்ள வெடிகளைக் கண்டுபிடிக்க அவற்றைப் பழக்குகிறார்கள். மனிதன் தன் சண்டைக்கு ஊமைப் பிராணிகளையும் இழுப்பது பற்றி நமக்கு என்ன அபிப்பிராயம் இருந்தாலும், ஸான் டியாகோவிலுள்ள அவர்களுடைய மிருக வைத்தியர்கள் பல்லாண்டு ரத்தக் கணக்குகளை ஒழுங்காகப் பதிந்து வைத்ததனால் உலகத்துக்கு உபகாரம் ஏற்பட்டது. சில ஓங்கில்களின் ரத்தத்தில் இரும்பும், ஈரல் கெடுவதைக் காட்டும் பொருள்களும் சேர்ந்தே ஏறுவதை அவர்கள் கவனித்தார்கள். மூன்று ஓங்கில்களுக்கு ரத்தம் வாங்கும் சிகிச்சை செய்து, அதன் விவரத்தை 2009-இல் வெளியிட்டார்கள்.

வாரம் ஒரு முறை. ஒவ்வொரு முறையும் 1 முதல் 3 லிட்டர். அதாவது உடம்பிலுள்ள ரத்தத்தில் நூற்றுக்கு 7 முதல் 17 பாகம். இப்படி 22 முதல் 30 வாரம் வரை பொறுமையோடு செய்தார்கள். இரும்பு குறிப்பிட்ட அளவுக்கு இறங்கினாலோ, சிவப்பு அணுக்களின் பாகம் நூற்றுக்கு முப்பதைத் தொட்டாலோ நிறுத்திக் கொள்வது என்று எல்லை வகுத்திருந்தார்கள். நோயைத் தீர்க்கப் போய்ச் சோகையை வரவழைக்கக் கூடாதல்லவா? பயன் என்ன? இரும்பு இறங்கிற்று, ஈரலின் குறிகளும் இறங்கின. ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. அதன் பிறகும் சில வாரங்களுக்கு ஒரு முறை ரத்தம் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. களஞ்சியத்தைக் காலி செய்தார்கள். அதை நிரப்பும் கை ஓயவில்லை.

நோயின் வேர்

அந்தக் கை எது? ப்ளாரிடாவில் ஸாரஸோடா விரிகுடாவில் சுதந்திரமாகத் திரியும் ஓங்கில்களின் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, வளர்ப்பு ஓங்கில்களிடமே இரும்பு மிகுதியாக இருந்தது. கடலில் வாழும் ஓங்கில் பல வகை மீன்களைத் தானே துரத்திப் பிடித்து, நாளெல்லாம் சிறிது சிறிதாக உண்கிறது. வளர்ப்பு ஓங்கிலுக்கோ பனிக்கட்டியில் உறைய வைத்த சில வகை மீன்களே கிடைக்கும். உழைப்புக் குறைவு, உணவு வேளை மனிதன் வகுத்த வேளை. இரும்பு மிகுந்த ஓங்கில்களிடம் இன்ஸுலினும் மிகுந்திருந்ததை விஞ்ஞானிகள் கண்டார்கள். உழைப்புக் குறைந்து உணவு மாறிய நம் பட்டண வாசிகளிடம் நீரிழிவும், ஈரலில் கொழுப்பும், பெர்ரிட்டின் மிகுதியும் கைகோத்து வருவதை வைத்தியர்கள் காண்கிறார்களே, அதற்கும் இதற்கும் தோற்றத்தில் ஒற்றுமை உண்டு.

பிறகு உணவை மாற்றிப் பார்த்தார்கள். வழக்கமாகக் கொடுத்த மீன்களைக் குறைத்து, சில கொழுப்புகள் மிகுந்த வேறு மீன்களைச் சேர்த்தார்கள். அவற்றுள் ஒன்று நம் பழவேற்காட்டுச் செம்படவர்கள் நன்கு அறிந்த மடவை இனம்! உணவு மாறியதும் பெர்ரிட்டின் குறைந்தது என்று 2015-இல் அந்த ஆராய்ச்சி வெளிவந்தது. மாதக் கணக்கில் ஊசியால் செய்ததன் ஒரு பகுதியை மீன் கூடையே செய்தது என்றால், வேர் எங்கே இருக்கிறதென்று ஊகிப்பது கடினமில்லை. ஊசி நோயைத் தணித்தது. சிறைவாசத்தின் உணவும் ஓய்வுமே நோயை வளர்த்தன போலும்.

நம் நாட்டு நிலை

"அமெரிக்காவின் ஓங்கிலுக்கு நோய் வந்தால் நமக்கென்ன?" என்று கேட்கலாம். நமக்கும் இதில் பங்குண்டு.

மண்டபத்திலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் 1959-இல் ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இரண்டு ஆவுளியாக்கள் வளர்க்கப்பட்டன. கடற்புல் தின்று வாழும் சாதுவான பிராணி அது. சிறைவாசத்தில் அதை உயிரோடு வைத்திருப்பது எந்நாட்டிலும் எளிதன்று. டாக்டர் எஸ். ஜோன்ஸ் முதலிய நம் விஞ்ஞானிகள் அச்சோடியைப் பத்தாண்டு அளவு பாதுகாத்து, அவற்றின் உணவையும் பழக்க வழக்கங்களையும் எழுதி வைத்தார்கள். அது அறிவின் பொருட்டுச் செய்த காரியம்.

வேடிக்கையின் பொருட்டும் ஒரு காரியம் நடந்தது. 1990-களின் இறுதியில் சென்னைக்குத் தெற்கே கடற்கரைச் சாலையில் ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குப் பல்கேரியா தேசத்திலிருந்து ஓங்கில்களைக் கொண்டுவந்தார்கள். ஆறு மாதத்துக்குள் அவை மாண்டு போயின. பின்னர் வேறு நகரங்களிலும் இத்தகைய காட்சிக் குளங்கள் அமைக்க ஏற்பாடு நடந்தபோது, மத்திய மிருகக்காட்சி ஆணையம் 2013 மே மாதத்தில், ஓங்கில் இனத்தைக் கேளிக்கைக்காகச் சிறைப்படுத்துதல் கூடாது என்று அறிவித்தது. பெரிய தேசங்கள் பல இன்னும் செய்யத் துணியாத காரியத்தை நம் தேசம் செய்தது. இதில் நாம் பெருமை கொள்ளலாம்.

ஆனால் பெருமையோடு நின்றுவிட்டால் கடமை பாக்கியாகும். சிறைக் குளம் வேண்டாம் என்றோம். சிகிச்சை அறிவும் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? 1973 ஜனவரியில் திருநெல்வேலிச் சீமைக் கடற்கரையில் 147 திமிங்கிலங்கள் கரை ஒதுங்கின. 2016 ஜனவரியில் மீண்டும் மணப்பாட்டுக்கு அருகே எண்பதுக்கும் மேற்பட்டவை ஒதுங்கின; செம்படவர்களும் அதிகாரிகளும் இரவு பகலாகப் பாடுபட்டுக் கடலுக்குள் தள்ளியும் பல திரும்பி வந்து உயிர் நீத்தன. மணலில் கிடக்கும் திமிங்கிலத்தின் பாரமே அதன் தசைகளை நசுக்குகிறது. நசுங்கிய தசையின் பொருள்கள் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையும் இருதயத்தையும் தாக்கும். எதைக் கடலில் விட்டால் பிழைக்கும், எதற்கு முதலில் மருந்து வேண்டும் என்பதை அந்த நேரத்தில் சொல்ல வல்லது ஒரு துளி ரத்தமே. அதைச் சோதிக்கக் கடற்கரையில் ஒரு பெட்டியும், பெட்டி காட்டும் எண்ணைப் படிக்கத் தெரிந்த ஒரு மிருக வைத்தியரும் வேண்டும்.

2022 செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசாங்கம் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை ஆவுளியாவின் காப்பகமாக்கியது. இந்தியாவில் இத்தகையது இதுவே முதலாவது. வலையில் சிக்கிய ஆவுளியாவை வலையை அறுத்து விடுவிக்கும் செம்படவர்கள் அக்கரையில் இருக்கிறார்கள். வலைக்கு ஆகும் நஷ்டத்தை எண்ணாமல் உயிரை எண்ணுகிறவர்கள் அவர்கள். சிக்கியது காயப்பட்டிருந்தால் அடுத்தபடி என்ன செய்வது என்று அவர்கள் கேட்கும்போது, படித்த நாம் விடை வைத்திருக்க வேண்டாமா? வேப்பேரி மிருக வைத்தியக் கல்லூரி ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மாட்டுக்கும் குதிரைக்கும் வைத்தியம் கற்பித்த பெருமை வாய்ந்தது. ஆயிரம் கிலோமீட்டர் நீளக் கடற்கரை உடைய நாட்டில் கடற்பசுவும் பசுவே என்று கொண்டு, அதன் ரத்தத்தின் இயற்கை அளவுகளை நாமே வகுத்து வைத்தல் நன்று. அயல் தேசத்து ஓங்கிலின் அளவுகோலை நம் ஆவுளியாவுக்கு வைத்துப் பார்ப்பது, குதிரைக்குத் தைத்த சேணத்தைக் காளைக்குப் பூட்டுவது போலாகும்.

வீட்டுக்கு ஒரு வார்த்தை

கடற்கரைக்குச் செல்லும் குடும்பங்கள் இரண்டொரு விஷயங்களை நினைவில் வைக்கலாம். கரை ஒதுங்கிய ஓங்கிலோ திமிங்கிலமோ உயிரோடு கண்ணில் பட்டால், வாலையோ துடுப்பையோ பிடித்து இழுக்கக் கூடாது. ஈரத் துணியால் உடம்பைப் போர்த்தி நனைத்துக் கொண்டிருக்கலாம். ஆனால் தலையின் மேலுள்ள மூச்சுத் துளையை மூடாமலும், அதில் நீர் புகாமலும் காக்க வேண்டும். கூட்டத்தை விலக்கி, வனத்துறையினருக்கு உடனே செய்தி அனுப்ப வேண்டும்.

மற்றொன்று நம் உடம்பைப் பற்றியது. சோகை உள்ள பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இரும்பு அமுதமே. வைத்தியர் கொடுத்த மாத்திரையைக் கசப்பென்று எறிந்துவிடக் கூடாது. ஆனால் களைப்பு வந்த போதெல்லாம், பரிசோதனை ஏதுமின்றி, கடையில் விற்கும் இரும்பு டானிக்கை ஆண்டுக் கணக்கில் விழுங்குவதும் விவேகமன்று. உள்ளே போன இரும்புக்கு வெளியேறும் வாசல் இல்லை என்பதை ஸான் டியாகோ ஓங்கில்கள் நமக்குக் காட்டிவிட்டன. அவற்றுக்காவது வாராவாரம் வால் பிடித்து ரத்தம் வாங்க வைத்தியர் இருந்தார்கள்.

சிறை வைத்தபின் சிகிச்சை செய்வது சாமர்த்தியம். சிறையே வையாதிருப்பது தர்மம். அந்தத் தர்மத்தை நம் தேசம் 2013-இல் ஏற்றுக்கொண்டது. இனி, சுதந்திரமாகத் திரியும் கடல் மிருகம் நோயுற்று நம் கரைக்கு வந்து சேரும்போது, அதற்கு உதவும் சாமர்த்தியத்தையும் நாம் பெற்றுவிட வேண்டும்.